டேஷ்போர்டில் ஒரு செவ்வக ஓட்டை

போன மாதம் எங்கள் காரின் தொடுதிரை செத்துப்போனது. நாலரை வருடக் கார். திரை முழுக்கக் கறுப்பு. பாட்டு இல்லை, பின்பக்கக் கேமரா இல்லை. அதைவிட மோசம், ஏசி காற்று முகத்துக்கு வரணுமா காலுக்கு வரணுமா என்று மாற்றுகிற பொத்தானும் அந்தத் திரைக்குள்ளேதான் இருந்தது. சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, "முழு யூனிட்டையும் மாத்தணும் சார்" என்றார்கள். சொன்ன தொகைக்கு ஒரு நல்ல பழைய பைக் வாங்கிவிடலாம். "இதைக் கழற்றிவிட்டு வெளியே வேற செட் வாங்கிப் போட முடியாதா?" என்று கேட்டேன். அந்தப் பையன் சிரித்தான். "அதெல்லாம் பழைய கார்லதான் சார்."

வீட்டுக்கு வந்து பரணில் இருந்து அப்பாவின் பழைய கார் ஸ்டீரியோவை எடுத்தேன். கார் போய் வருஷமாச்சு, செட் மட்டும் ஒரு சணல் பையில் சுற்றிக் கிடக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்தால் முகப்பு 18 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம். நண்பன் வீட்டில் கிடந்த ஜெர்மன் செட்டின் அளவும் அதே. ஆன்லைனில் இன்றைக்கு விற்கிற 1,500 ரூபாய் சீன செட்டின் அளவும் அதே. கம்பெனிகள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் ஒரு தொழிலில், பல நாட்டுக்காரர்கள் ஒரே ஓட்டைக்கு எப்படி ஒத்துக்கொண்டார்கள்? அந்த ஓட்டை இப்போது ஏன் காணாமல் போகிறது? இரண்டு வாரமாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். குறிப்புகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். "கம்பெனி ஸ்டீரியோ", "வெளி ஸ்டீரியோ" என்று நாம் பிரித்துப் பேசுகிறோமே, ஆரம்பத்தில் கார் ரேடியோ என்றாலே வெளிச் சாமான்தான். கார் செய்தவர்கள் அதைச் செய்யவில்லை.

சிகாகோவில் பால் கால்வின் என்பவர் நடத்திய ஒரு சின்னக் கம்பெனி, வீட்டு ரேடியோக்களை பேட்டரி இல்லாமல் கரண்டில் ஓட வைக்கும் கருவியைச் செய்துகொண்டிருந்தது. அந்த வியாபாரம் படுத்ததும் கார் ரேடியோ பக்கம் திரும்பினார். 1930-இல் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்கள் மாநாடு. உள்ளே கடை போடக் கையில் காசு இல்லை. தன் ஸ்டூடிபேக்கர் காரில் ரேடியோவைப் பொருத்தி, மாநாட்டுக்கு வெளியே நிறுத்தி, சத்தத்தைக் கூட்டி வைத்தார். ஆர்டர்கள் வந்தன. அந்த ரேடியோவுக்கு வைத்த பெயர்தான் மோட்டோரோலா. பிற்பாடு கம்பெனிக்கே அந்தப் பெயர் வந்தது. கடன் கேட்கப் போன இடத்தில் வங்கிக்காரரின் காரிலேயே ஒரு செட்டை மாட்டிக் கொடுத்தாராம், அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்ததாம் என்று ஒரு கதை உண்டு. எவ்வளவு உண்மையோ, ஆனால் அந்தக் கால வயரிங்கைப் படித்தால் நம்பாமல் இருக்க முடியவில்லை.

அன்றைக்கு ரேடியோ மாட்டுவது என்பது அரை மணி நேர வேலை இல்லை. டேஷ்போர்டைப் பிரிக்கணும். வால்வு ரேடியோவுக்கு உயர் மின்னழுத்தம் வேண்டும், கார் பேட்டரியோ 6 வோல்ட்தான். அதனால் காரின் தரையை வெட்டி அங்கே தனி பேட்டரிகளை வைத்தார்கள். அப்புறம் வைப்ரேட்டர் என்ற சாதனம் வந்தது. அது பேட்டரி மின்சாரத்தை நொடிக்குப் பலமுறை வெட்டி வெட்டி மாறுமின்சாரம் போல ஆக்கும், ஒரு டிரான்ஸ்ஃபார்மர் அதை உயர்த்தும். இவ்வளவும் செய்து முடித்து இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினால் ஸ்பார்க் பிளக்கின் பொறி ஒவ்வொன்றும் ஸ்பீக்கரில் படபடக்கும். அதை அடக்க பிளக் வயர்களில் ரெசிஸ்டர், டைனமோவில் கெப்பாசிட்டர். ஒரு செட் விலை 110 முதல் 130 டாலர் வரை. 600 டாலர் சுமாருக்கு ஒரு புதுக் காரே கிடைத்த காலம் அது.

ஜெர்மனியிலும் இதே நிலைமை. பின்னாளில் ப்ளாபுங்க்ட் என்று பெயர் மாறிய கம்பெனி 1932-இல் ஏஎஸ் 5 என்ற கார் ரேடியோவைக் கொண்டுவந்தது. கொள்ளளவு 10 லிட்டர், எடை 15 கிலோ, விலை 465 ரைஷ்மார்க். டிரைவர் கைக்கு எட்டாத இடத்தில் பெட்டி, ஸ்டீயரிங் தண்டில் ஒரு குட்டிக் கட்டுப்பாட்டுக் குமிழ். ஸ்டீயரிங்கில் ஆடியோ கன்ட்ரோல் நவீன வசதி என்று ஷோரூமில் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கார் கம்பெனிகள் விழித்துக்கொண்டு ரேடியோவைத் தாங்களே விற்க ஆரம்பித்த பிறகுதான் "மாற்றுவது" என்ற பிரச்சினையே பிறக்கிறது. 1955-இல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் சேர்ந்து, முழுக்க டிரான்சிஸ்டரில் ஓடும் கார் ரேடியோவை 150 டாலருக்கு அறிவித்தன. அதே சமயத்தில் கிரைஸ்லர் காருக்குள் கிராமஃபோன் வைத்த கூத்தும் நடந்தது: ஹைவே ஹை-ஃபை என்று பெயர், நிமிடத்துக்கு 16 சொச்சம் சுற்று சுற்றும் தனி ரக இசைத்தட்டு. கடையில் கிடைக்கும் சாதாரணத் தட்டு அதில் ஓடாது. கார் கம்பெனி தனக்கென்று ஒரு வடிவத்தைப் பூட்டி வைத்த முதல் உதாரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சில வருடத்தில் ஊத்திக்கொண்டது. 1965-இல் ஃபோர்டு தன் 1966 மாடல்களில் எட்டு டிராக் டேப்பை வைத்தது. 1963-இல் பிலிப்ஸ் வெளியிட்ட கேசட், சில வருடங்களில் காருக்குள்ளும் வந்து, பிறகு எட்டு டிராக்கைத் தின்றது.

கவனிக்க வேண்டியது வேகம். கார் பத்துப் பதினைந்து வருஷம் ஓடும். பாட்டுக் கருவி ஐந்தாறு வருஷத்தில் பழசாகிவிடும். இந்த இரண்டு ஆயுளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் ஒரு பெரிய தொழிலே பிழைத்தது.

அமெரிக்காவில் பில் கிரட்ச்ஃபீல்ட் என்ற இளைஞர் பழைய போர்ஷே 356 காரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அதற்கு ஒரு ஸ்டீரியோ வாங்கலாம் என்று தேடினால், எந்த செட் எந்தக் காரில் உட்காரும் என்று சொல்ல ஆளே இல்லை. 1974-இல் வர்ஜீனியா மாநிலம் சார்லட்ஸ்வில்லில், அம்மா வீட்டின் அடித்தளத்தில் அஞ்சல் வழிக் கடை ஆரம்பித்தார். அவர் விற்றது ஸ்டீரியோ என்பதைவிட, "உங்க காருக்கு இது பொருந்தும்" என்கிற தகவலை என்று சொல்லலாம். ஏனென்றால் அன்றைய அமெரிக்கக் கார்களில் ரேடியோவைப் பிடித்து நிறுத்தியது இரண்டு ஷாஃப்ட். இடது குமிழுக்கு ஒன்று, வலது குமிழுக்கு ஒன்று, நடுவில் முகப்பு. இரண்டு ஷாஃப்டுக்கும் இடைவெளி காருக்குக் கார் வேறு. பொருந்தவில்லை என்றால் டேஷ்போர்டை அறுக்கணும்.

இங்கேதான் ஜெர்மன்காரர்களின் தர நிர்ணயம் வருகிறது. டின் என்பது ஜெர்மனியின் தர நிர்ணய நிறுவனத்தின் சுருக்கப் பெயர். நம்ம ஊர் ஐஎஸ்ஐ மாதிரி. டின் 75490 என்ற தரம் கார் ரேடியோ உட்காரும் இடத்தை வரையறுத்தது. 1984-இல் அதுவே ஐஎஸ்ஓ 7736 என்று உலகத் தரமானது. ஓட்டை 182 மி.மீ.க்கு 53 மி.மீ., முகப்பு 180-க்கு 50. ஷாஃப்ட் கிடையாது. முதலில் ஒரு தகரக் கூட்டை ஓட்டைக்குள் சொருகி அதன் நாக்குகளை மடித்துவிட வேண்டும். செட்டைத் தள்ளினால் க்ளிக் என்று உட்காரும். எடுக்கணும் என்றால் இரண்டு பக்கமும் சாவித் தகடு விட்டு இழுத்தால் போதும். "சிங்கிள் டின், டபுள் டின்" என்று நம்ம ஊர்க் கடைகளில் சொல்கிறார்களே, அந்த டின் இதுதான். தகர டப்பாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஓட்டை ஒன்றானதும் பின்னால் வரும் வயர்களும் ஒரு ஒழுங்குக்கு வந்தன. ஐஎஸ்ஓ 10487 என்ற தரம் கப்ளரின் ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு வேலை கொடுத்தது. கறுப்புக் கப்ளரில் கரண்ட், பழுப்புக் கப்ளரில் ஸ்பீக்கர். வெளி செட்டுகளின் வயர் நிறங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி: மஞ்சள் எப்போதும் கரண்ட், சிவப்பு சாவி திருப்பினால் மட்டும், கறுப்பு எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா என்று நாலு ஸ்பீக்கர், ஒவ்வொன்றின் நெகட்டிவுக்கும் கறுப்புக் கோடு. இதில் ஒரு வேடிக்கை. வோக்ஸ்வாகன், ஆடி கார்கள் பலவற்றில் ஏ4, ஏ7 என்ற இரண்டு பின்கள் தரத்துக்கு நேர் எதிராக இடம் மாறியிருக்கும். அந்தத் தரத்தை ஜெர்மன் கம்பெனியே மாற்றி வைத்தது. வெளி செட்டை அப்படியே சொருகினால், சாவியை எடுத்தவுடன் எல்லா ஸ்டேஷனும் மறந்துபோகும். இதற்காகவே பல செட்டுகளில் மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிச் சொருக நடுவில் ஒரு இணைப்பு வைத்தார்கள்.

எங்கள் வீட்டிலும் இந்த மறதி நோய் இருந்தது, காரணம் வேறு. அப்பா கார் வாங்கியபோது அது பேஸ் மாடல். செட் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. கம்பெனி செட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட வெளியே போட்டால் பாதிக் காசு, சத்தம் இரண்டு மடங்கு என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. சென்னைக்காரர்களுக்கு ஜிபி ரோடு, மற்ற ஊர்க்காரர்களுக்கு அவரவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை. போட்டுக் கொடுத்தவர், மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி, சாவி வழியாக வரும் கரண்டிலேயே கொடுத்துவிட்டார். பேட்டரி இறங்கிவிட்டது என்று எந்த வாடிக்கையாளரும் திரும்பி வரமாட்டார்களே! கடைக்காரருக்கு அது நியாயமான கணக்கு. ஆனால் ஒவ்வொரு முறை வண்டியை நிறுத்தும்போதும் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விடும், ஸ்டேஷன்கள் அழிந்துவிடும். அப்பா ஒவ்வொரு காலையிலும் பொறுமையாக டியூன் செய்வார். "இந்த செட்டோட குணமே அப்படித்தான்" என்பார். ஒரு மஞ்சள் வயரைப் பிரித்து, ஒரு ஃபியூஸ் போட்டு, நேராகப் பேட்டரிக்குக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

அந்த செட்டின் முகப்பில் "50 வாட் × 4" என்று தங்க எழுத்தில் இருக்கிறது. இது எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது கார் மின்சாரம் சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.8. ஆக 50 வாட்! ஆனால் இது முழுச் சதுர அலைக்கு, அதாவது காது கிழியும் இரைச்சலுக்கு. சுத்தமான ஒலிக்கு அதில் பாதி, நடைமுறையில் 20 வாட் பக்கம்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் மின்னழுத்தத்தை உயர்த்தும் தனி ஆம்ப் வைக்கணும். எந்தப் பிராண்டு செட்டிலும் இதே எண் அச்சாகியிருப்பதன் ரகசியம் இந்த வகுத்தல் கணக்குதான்.

ஒரே அளவு ஓட்டையால் எல்லோருக்கும் வசதி. திருடனுக்கும். எந்தக் காரிலிருந்து உருவினாலும் எந்தக் காரிலும் உட்காரும் சாமான் என்றால் திருட்டுச் சந்தைக்கு அதைவிட என்ன வேண்டும்? 1980-களில் நியூயார்க் நகரத்தில் கார் கண்ணாடியில் "உள்ளே ரேடியோ இல்லை" என்று எழுதி ஒட்டி வைத்தார்கள். கைப்பிடியோடு முழு செட்டையும் உருவி வீட்டுக்குத் தூக்கிப் போகும் வகை வந்தது. பிறகு முகப்பை மட்டும் கழற்றும் வகை. பேட்டரியைக் கழற்றினால் ரகசிய எண் கேட்கும் வகையும் வந்தது. இந்த எண் எழுதிய அட்டையைத் தொலைத்தவர்கள், பேட்டரி மாற்றிய அன்றைக்குத் தங்கள் சொந்த செட்டுக்கே திருடர்கள் ஆனார்கள்.

கார் கம்பெனிகளுக்கு இது ஒரு நல்ல சாக்கு. செட்டை டேஷ்போர்டின் வடிவத்தோடு கலந்துவிட்டால் திருடவும் முடியாது, மாற்றவும் முடியாது. 1996 ஃபோர்டு டாரஸ் இதற்கு நல்ல உதாரணம். அந்தக் காரில் எல்லாமே முட்டை வடிவம். நடுவில் ஒரு நீள்வட்டப் பலகை, அதில் ரேடியோவும் ஏசியும் ஒன்றாக. செவ்வகத்தை அதில் எங்கே வைப்பது? வெளிச் சாமான்காரர்கள் அசரவில்லை. ஏசி பொத்தான்களுக்கு இடம் விட்டு, நடுவில் டின் ஓட்டை வைத்த மாற்றுப் பலகையையே செய்து விற்றார்கள்.

ஜப்பான் வேறு வழியில் போனது. அங்கே இரட்டை உயரம், 100 மி.மீ., அதாவது டபுள் டின் பரவலானது. டொயோட்டா அகலத்தையும் 200 மி.மீ. ஆக்கிக்கொண்டது. அதில் சாதாரண செட் போட்டால் இரண்டு பக்கமும் 10 மி.மீ. இடைவெளி பல்லிளிக்கும், அதை மூட பிளாஸ்டிக் துண்டு தனியாக வாங்கணும்.

இலங்கையில் இருக்கும் வாசகர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். அங்கே ஓடும் கார்களில் கணிசமானவை ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார்கள். திரையில் எல்லாம் ஜப்பானிய எழுத்து. அதைக்கூடப் பழகிக்கொள்ளலாம், எஃப்எம்தான் உதைக்கும். ஜப்பானில் முன்பு எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இருந்தது. அதற்கு மேல் 90 முதல் 108 வரையான இடத்தை அந்தக் காலத்தில் டிவியின் முதல் மூன்று சேனல்களுக்குக் கொடுத்திருந்தார்கள். இலங்கையிலோ, இங்கேயோ எஃப்எம் 88-இல் தொடங்கி 108 வரை. ஆக, கப்பலில் வந்திறங்கிய நல்ல விலையுள்ள செட்டில் கொழும்பு, யாழ்ப்பாண நிலையங்களில் பெரும்பாலானவை அகப்படாது. ஆன்டெனா வயரின் நடுவே அலைவரிசையைக் கீழே இறக்கும் ஒரு சின்ன டப்பா போடுவார்கள். அப்போதும் திரையில் காட்டும் எண் ஒன்று, ஓடும் ஸ்டேஷன் ஒன்று. மனசு வெறுத்துப்போய் முழு செட்டையே மாற்றுவார்கள். ஆடம்பரம் இல்லை அது. ஊர்ச் செய்தி கேட்க வேறு வழியில்லை.

ஓட்டையை உண்மையில் மூடியது பிளாஸ்டிக் வடிவம் இல்லை, வயர்தான். 1986-இல் டெட்ராய்ட்டில் போஷ் கம்பெனி கேன் என்ற வலையமைப்பை அறிமுகம் செய்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வயர் என்பதற்குப் பதில், காரில் உள்ள கணினிகள் எல்லாம் இரண்டு வயரில் பேசிக்கொள்ளும். காருக்கு இது நல்லதுதான், எடையும் செலவும் குறையும். ஆனால் ஸ்டீரியோ மாற்றுகிறவருக்குப் பேரிடி. சிவப்பு வயரே இல்லை! "சாவி திருப்பியாச்சு" என்பது இப்போது ஒரு செய்தி, மின்சாரம் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில் சீட் பெல்ட் எச்சரிக்கை மணியே ரேடியோ வழியாகத்தான் ஒலித்தது. செட்டைக் கழற்றினால் மணியும் போச்சு. அதனால் வெளியே விற்ற அடாப்டர் டப்பாவுக்குள் மணி அடிக்கத் தனியாக ஒரு குட்டி ஸ்பீக்கர் வைத்தார்கள். 2001-இல் வந்த பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் ஆடியோ முழுக்க மோஸ்ட் என்ற ஒளியிழை வளையம். வளையத்தில் ஒரு பெட்டியைக் கழற்றினால் வளையம் அறுந்து எல்லாமே ஊமையாகும்.

சட்டமும் ஒரு பக்கம் உண்டு. வெளிச் சாமான் போட்டதற்காக மட்டும் முழு வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது என்ற பாதுகாப்பு 1975-இன் மேக்னசன்-மாஸ் சட்டத்தால் அமெரிக்கர்களுக்குக் கிடைத்தது. அதே அமெரிக்காவில் 2018 மே முதல் எல்லாப் புதுக் கார்களிலும் பின்பக்கக் கேமரா கட்டாயம். நல்ல சட்டம், குழந்தைகள் உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் கேமராவின் படம் தெரிவது ஸ்டீரியோவின் திரையில். ஆகவே பாட்டுப் பெட்டி பாதுகாப்புச் சாதனமாகவும் ஆகிவிட்டது.

2014-இல் ஆப்பிள் கார்ப்ளே வந்தபோது பழைய ஓட்டைக்கு ஒரு மறுபிறவி கிடைத்தது. அந்த வருடமே பயனியர் கம்பெனியின் டபுள் டின் செட்டுகளில் அது வந்துவிட்டதால், பழைய கார்க்காரர் புதுக் கார்க்காரரைவிட முன்னால் போனார். இன்று நம்ம ஊர் மார்க்கெட் முழுக்க சீன ஆண்ட்ராய்டு செட்டுகள். 9 இன்ச், 10 இன்ச் திரை, ஒவ்வொரு கார் மாடலுக்கும் தனி ஃப்ரேம், கேன் டப்பாவும் கூடவே. வாங்குகிறவர்கள் ஒன்று பாருங்கள்: சிலவற்றில் செட்டிங்ஸ் காட்டும் ஆண்ட்ராய்டு பதிப்பு ஒன்று, உள்ளே உண்மையில் ஓடுவது வேறு. இன்னொரு பக்கம், 2017 டெஸ்லா மாடல் 3-இல் ஸ்பீடோமீட்டரே நடுத்திரைக்குள் போய்விட்டது. அதில் "ஸ்டீரியோவை மாற்றுவது" என்ற வாக்கியத்துக்கே பொருள் இல்லை. எங்கள் காரும், விலையில் எத்தனையோ படி கீழே என்றாலும், அந்த ஜாதிதான்.

திரை என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். டிவி, மானிட்டர் போர்டு சரிசெய்யும் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். பின்விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதிதான் போயிருக்கு, பார்க்கலாம் என்றார். அதுவரை டேஷ்போர்டின் நடுவில் ஒரு பெரிய பள்ளம், உள்ளே நாலைந்து கப்ளர்கள் தொங்குகின்றன. ஸ்கேல் வைத்து அதையும் அளந்தேன். எந்தத் தரத்திலும் இல்லாத அளவு.

நேற்று ராத்திரி அப்பாவின் செட்டை மேஜையில் வைத்து, 12 வோல்ட் சப்ளையில் மஞ்சளையும் சிவப்பையும் தனித்தனியாகக் கொடுத்தேன். உடனே எரிந்தது. கேசட் மோட்டார் சுற்றுகிறது, பெல்ட் மட்டும் கூழாகிவிட்டது. ஆறு ஸ்டேஷன்களை டியூன் செய்து பதிந்தேன். சிவப்பு வயரைப் பிடுங்கி, ஒரு காபி குடித்துவிட்டு வந்து மறுபடி சொருகினேன். ஆறும் அப்படியே இருந்தன.